தவளை முட்டையில் டி.என்.ஏ. ஒட்டும் நொதி: நாகர்கோவிலில் இருந்துகொண்டு எந்த வழியில் ஆராயலாம்?

முதுகலை விலங்கியல் இறுதிப் பருவத்துக்கான ஆய்வுத் தலைப்புகளை எங்கள் துறையில் ஆகஸ்ட் மாதத்திலேயே பேசி முடித்துவிடுவது வழக்கம். இந்த முறை ஒரு மாணவி, தவளை இனங்களின் முட்டையிலும் இளங்கருவிலும் அறுந்த டி.என்.ஏ. இழைகளை ஒட்டுகிற லைகேஸ் நொதிகள் எப்படி மாறுகின்றன என்பதை எடுத்துக்கொள்ள விரும்பினார். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உள்ள குடும்பத்துப் பெண். "சார், மழை பெஞ்சா எங்க தோட்டத்துக் குழியில சொறித்தவளை முட்டை மாலை மாலையா கெடக்கும். அதையே எடுத்துச் செய்யலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல, கையில் இருந்த மற்ற வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது: தென்னாப்பிரிக்க நகத்தவளையான செனோபஸின் முட்டைச் சாறு, கடையில் வாங்கும் லைகேஸ், கணினித் தரவுகள். இவற்றுள் எது எங்களுக்கு ஏற்றது என்று நாங்கள் எடைபோட்ட விதத்தையே இங்கு எழுதுகிறேன். இதே தலைப்பை யோசிக்கும் வேறு கல்லூரியினருக்கும் அது பயன்படலாம்.

முதலில் நொதியைப் பற்றி. 1967-இல் பல ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டறிந்த லைகேஸ், டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பில் உள்ள விடுபட்ட இணைப்பை மூன்று படிகளில் மூடுகிறது: செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து அதன் ஒரு பகுதியான ஏ.எம்.பி.யை எடுத்துத் தன் லைசின் (ஓர் அமினோ அமிலம்) ஒன்றில் ஏற்றிக்கொள்கிறது, அதை அறுந்த முனையின் பாஸ்பேட்டுக்கு மாற்றுகிறது, பின்னர் எதிர் முனையை அந்த இடத்தில் பிணைத்து ஏ.எம்.பி.யை விடுவிக்கிறது. முதுகெலும்பிகளில் இந்த நொதிக்கு மூன்று மரபணுக்கள் உள்ளன. லைகேஸ் ஒன்று, டி.என்.ஏ. நகலெடுப்பின்போது பின்தங்கு இழையில் சிறு சிறு துணுக்குகளாக உருவாகும் ஒகசாகி துண்டுகளை ஒட்டுகிறது. லைகேஸ் மூன்று, பழுதுபார்ப்பிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் வேலை செய்கிறது. லைகேஸ் நான்கு, இரண்டு இழைகளும் சேர்ந்து முறிந்த இடத்தில் முனையோடு முனையை ஒட்டுகிறது. தோவாளைச் சந்தையில் பூக்கட்டுகிறவர்கள் முழநீளச் சரங்களாகக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு முடிச்சுப் போட்டு நீள மாலையாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். லைகேஸ் ஒன்று செய்வது அந்த முடிச்சு வேலை.

தவளை முட்டையை இதற்குத் தேடிப் போவதற்குக் காரணம், அங்கே இந்த முடிச்சு வேலை நம்ப முடியாத வேகத்தில் நடப்பதுதான். செனோபஸ் லேவிஸின் முட்டை 1.2 மி.மீ. அளவுதான். கருவுற்று ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு. அதன்பின் ஏறத்தாழ அரை மணிக்கு ஒன்றாக, எல்லாச் செல்களும் ஒரே தாளத்தில், பன்னிரண்டாம் பிளவு வரை பிளந்து சுமார் 4,000 செல்களைக் கொண்ட கருக்கோளமாகின்றன. இந்த அரை மணிக்குள் நகலெடுப்புக்குக் கிடைப்பது இருபது நிமிடம் போலத்தான். இதன் ஒருமடி மரபணுத்தொகுதி சுமார் 310 கோடி எழுத்து இணைகள் என்பதால், இருமடியாக 620 கோடி. ஒரு ஒகசாகி துண்டு 200 எழுத்து நீளம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு செல் ஒருமுறை பிளக்க மூன்று கோடிக்கு மேல் ஒட்டல்கள் வேண்டும். இத்தனைக்கும் கரு அப்போது தன் சொந்த மரபணுக்களை ஏறக்குறைய இயக்குவதே இல்லை. நொதியும் அதற்கான செய்தி ஆர்.என்.ஏ.வும் (புரதத்தைக் கட்டுவதற்கான மரபணுவின் நகல்) தாய் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த சீதனம். அந்த 4,000 செல் நிலையான நடுக் கருக்கோளத்தை எட்டிய பிறகுதான் கரு தன் காலில் நிற்கத் தொடங்குகிறது.

மாணவியின் கேள்விக்கு உயிர் கொடுத்த பழைய கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் ஆக்சலாட்டில் என்ற மெக்சிகோ நாட்டு நீர்ப்பல்லி இனத்தின் முட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது, கருவுறாத முட்டையில் எடை குறைந்த ஒரு லைகேஸ் வடிவத்தைக் கண்டனர். முட்டை தூண்டப்பட்டதும் அதன் இடத்தை எடை கூடிய வேறொரு வடிவம் பிடித்துக்கொண்டது. அதாவது முட்டையிலிருந்து கருவாகும் அந்தக் கணத்தில் ஒட்டும் நொதியே மாறுகிறது. இதை இன்று மூன்று மரபணுக்கள் தெரிந்த நிலையில் எப்படிப் புரிந்துகொள்வது என்பதே அவர் கேட்க விரும்பியது. ஆக, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது "கருவுறாத முட்டை" ஒன்றையும் "பிளக்கும் கரு" ஒன்றையும் தனித்தனியே தர வேண்டும். என் தராசில் முதல் எடைக்கல் இதுதான்.

சொறித்தவளையை இந்தத் தராசில் வைத்த உடனேயே அது மேலே எழும்பிவிட்டது. நம் ஊரில் மழை தொடங்கிய இரவுகளில் குழிகளிலும் வயல் ஓரத்திலும் ஆண் தவளை பெண்ணின் முதுகைத் தழுவியபடி இருக்க, முட்டைகள் வெளியே வரவர விந்து அவற்றின் மேல் விழுகிறது. கறுத்த மணிகள் கோத்த இரட்டை ஜெல்லிச் சரமாகக் காலையில் நாம் காண்பது எல்லாம் கருவுற்றவை. குழியில் எவ்வளவு தேடினாலும் கருவுறாத முட்டை என்ற ஒப்பீட்டுப் பொருள் கிடைக்காது. அதற்குத் தாய்த் தவளையைப் பிடித்து ஊசி போட்டு முட்டையிடச் செய்ய வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வனத்துறையிடம் கேட்க வேண்டும், ஊசி போட வேண்டுமென்றால் விலங்குச் சோதனைகளுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இடமும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்: சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 முதல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் உள்ளவை. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-இல் தடை செய்த நாடு இது. வயலில் மாக்கான் (தவளை) கத்துவது பூச்சி குறைவதற்கு என்று அறிந்த உழவர்களிடம் போய் "ஆய்வுக்கு நூறு வேண்டும்" என்று கேட்க எனக்கு வாயும் வராது.

சட்டம் ஒருபுறம் இருக்க, நேரமும் ஒத்துழைக்காது. பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் காட்டலாம் என்று தக்கலை பக்கத்து வயலிலிருந்து ஒரு வாளியில் சொறித்தவளைச் சரத்தைப் பேருந்தில் கொண்டுவந்தேன். காலை ஏழு மணிக்கு எடுத்தேன். பத்தரைக்கு நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். இரண்டு செல், நான்கு செல் என்று கரும்பலகையில் படம் வரைந்து வைத்துவிட்டு மாணவர்களைப் பார்க்கச் சொன்னால், அவர்கள் கண்டது எண்ண முடியாத செல்களாகிவிட்ட உருண்டைகளை. இரவில் இட்ட முட்டை நம் ஊர் வெப்பத்தில் விடிவதற்குள் முதல் பிளவுகளையெல்லாம் முடித்துவிடும். வாளித் தண்ணீர் வெயிலில் சூடேறி, கீழே கிடந்த பாதிச் சரம் மாலைக்குள் வெளுத்துப் போயிற்று. முதல் பிளவு வேண்டுமென்றால் நடுராத்திரி குழிக்கரையில் டார்ச்சோடு உட்கார வேண்டும். அதற்கும் மேலாக, இறுதிப் பருவ ஆய்வு நடப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவமழை அடங்கி, கும்பப்பூ நெல் அறுவடைக்கு நெருங்குகிற காலம். முட்டை வேண்டியபோது மழை இருக்காது. அடுத்த நல்ல மழைக்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பட்டமே கையில் வந்துவிடும்.

மேற்கு மலைச் சரிவில் தலைப்பிரட்டை நிலையே இல்லாமல் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகும் சிறு மரத்தவளைகளும் உண்டு. கேட்கக் கவர்ச்சியாக இருந்தாலும் அவை இந்தக் கணக்கிலேயே வரக் கூடாதவை.

செனோபஸைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்விக்கு நேராக விடை தரக்கூடிய பொருள் அதுதான். மாலையில் தாய்த் தவளைக்கு மனித நஞ்சுக்கொடி ஹார்மோனை (எச்.சி.ஜி.) ஊசியாகப் போட்டால் மறுநாள் காலை அது ஆண் துணையின்றியே நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரத்துக்கு மேலும் முட்டையிடும். தவளை சாவதில்லை, சில மாத ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் பயன்படுத்தலாம். சிஸ்டீன் கரைசலில் சில நிமிடம் சுழற்றினால் ஜெல்லி கரைந்து, முட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கடுகுபோல் அடியில் படியும். அந்த நெருக்கத்தைப் பார்த்துத்தான் ஜெல்லி போய்விட்டது என்று அறிவது. பிறகு மேல்நீரை ஒட்ட உறிஞ்சிவிட்டு, நுண்சுழற்றியில் புவியீர்ப்பைப்போல் பத்தாயிரம் மடங்கு விசையில் கால் மணி நேரம் சுழற்றினால் முட்டைகள் தாமே நசுங்கிப் பிரிகின்றன: மேலே மஞ்சள் கொழுப்பு, அடியில் கரு நிறமியும் கருவுணவும், நடுவில் வைக்கோல் நிறத்தில் தெளிந்த சைட்டோபிளாசம். குழாயின் பக்கச் சுவரில் ஊசியைக் குத்தி அந்த நடு அடுக்கை மட்டும் மெல்ல இழுக்க வேண்டும். ஊசி ஒரு மி.மீ. கீழே போனாலும் நிறமி கலங்கிச் சாறு சாம்பல் நிறமாகிவிடும், அன்றைய வேலை போயிற்று.

இந்தச் சாற்றின் பெருமை, அது செத்த நொதிக் கலவை இல்லை என்பது. 1983-இல் தவளை முட்டைச் சாறு விந்தின் உட்கருவை விரித்துப் புது உட்கருவாக்கும் என்று காட்டப்பட்டது. 1986-இல் ஜூலியன் ப்ளோ, ரான் லாஸ்கி இருவரும் செனோபஸ் சாற்றில் டி.என்.ஏ. முழுமையாக நகலெடுக்கப்படுவதைக் காட்டினர். எதிர்ப்புரதத்தால் (ஆன்டிபாடி) லைகேஸ் ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சச் சாறு என்ன செய்கிறது என்று பார்க்க முடியும். அப்படிப் பார்த்தவர்கள், லைகேஸ் ஒன்று இல்லாதபோது லைகேஸ் மூன்று ஒகசாகி துண்டுகளை ஒட்டும் பொறுப்பை ஏற்கிறது என்பதை 2021-இல் வெளியிட்டனர். ஆக்சலாட்டிலில் கண்ட "வடிவ மாற்றம்" என்ற பழைய புதிரை இந்த மாற்றாள் ஏற்பாட்டின் வெளிச்சத்தில் படிப்பது எனக்குச் சுவையான வேலையாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல நான் துணியவில்லை.

இங்கேயே இன்னொரு தேர்வும் ஒளிந்திருக்கிறது. செனோபஸ் என்று சொன்னால் போதாது. முதிராத சினைமுட்டையா, இட்ட முட்டையா என்றும் சொல்ல வேண்டும். இரண்டிலும் நேர்கோட்டு டி.என்.ஏ.வை ஊசியால் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், முதிராச் சினைமுட்டை ஒத்த வரிசைகளைத் தேடிப் பிடித்து இணைக்கும் வழியையே பெரும்பாலும் கையாண்டது. முதிர்ந்து இடப்பட்ட முட்டையோ முனையோடு முனையை நேராக ஒட்டியது. ஒரே உயிரணு, சில மணி நேர இடைவெளி, ஒட்டும் முறை தலைகீழ். அரை மணிக்கு ஒருமுறை பிளக்கப் போகிற கருவுக்கு ஒத்த வரிசை தேட நேரமில்லை என்று இதற்கு விளக்கம் சொல்லத் தோன்றும். அது என் ஊகம் மட்டுமே. சினைமுட்டை வேண்டுமென்றால் தவளையை மயக்கி அறுத்துச் சூலகத் துண்டை எடுக்க வேண்டும் என்பதால், ஒரு முதுகலை மாணவிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இட்ட முட்டையே போதும்.

அப்படியானால் செனோபஸை எங்கள் கல்லூரியிலேயே வளர்க்கலாமா? கூடாது என்பதே என் முடிவு. அது வாழ விரும்புவது 16 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில். ஏப்ரலில் நாகர்கோவில் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தொடும். இரவு பகலாகக் குளிரூட்டி ஓட வேண்டும், காற்றுமழையில் ரப்பர்க் கிளை முறிந்து மின்கம்பியில் விழும் நாட்களை எண்ணிப் பாருங்கள். அதைவிடப் பெரிய அச்சம், தப்பிவிட்டால் என்னாகும் என்பது. சிலி, பிரான்ஸ், கலிபோர்னியா என்று பல இடங்களில் ஆய்வகங்களிலிருந்தும் வளர்ப்பவர்களிடமிருந்தும் வெளியேறிய செனோபஸ் உள்ளூர் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது, எதையும் தின்னும். பேச்சிப்பாறையில் திறந்த தண்ணீர் கால்வாய் வழியாகக் குளம் குளமாகக் கைமாறுகிற மாவட்டத்தில், ஒரு குளத்தில் விழுந்தது அதே குளத்தில் நிற்காது. எனவே செனோபஸ் என்றால், அதை ஏற்கெனவே ஒப்புதலோடு வளர்க்கும் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு நாம் போவது என்றே பொருள். சாற்றைக் குளிர்பெட்டியில் வரவழைப்பது பற்றிச் சிலர் சொல்வார்கள். திரவ நைட்ரஜனில் உறைய வைத்த சாறு வழியில் ஒருமுறை இளகினாலே அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆக்சலாட்டில் இன்னும் குளிர்ச்சி கேட்கும். அதன் மரபணுத்தொகுதி 3,200 கோடி இணைகள், மனிதனைப்போல் பத்து மடங்கு. வரிக்குதிரை மீன் நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது, 28.5 டிகிரியில் சுகமாக வளரும், கால் மணிக்கு ஒருமுறை பிளக்கும். ஆனால் அது மீன். தலைப்பை மாற்ற மாணவி ஒப்பினால் அதைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம்.

கடையில் வாங்கும் டி4 லைகேஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி. தவளையைப் பற்றி அது எதையும் சொல்லாது. ஆயினும் அதை நான் தள்ளிவிடவில்லை. லாம்டா என்ற வைரஸின் டி.என்.ஏ.வை ஹிண்ட்-3 வெட்டும் நொதியால் எட்டுத் துண்டாக்கி, டி4 லைகேஸ் சேர்த்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, பட்டைகள் மேலே ஏறுவதைக் கண்ணால் கண்ட மாணவிதான் பிறகு முட்டைச் சாற்றின் ஜெல்லைப் படிக்க முடியும். இதிலும் ஒரு பட்டறிவு உண்டு. நொதியை எல்லாரும் பத்திரமாக மைனஸ் இருபதில் வைப்பார்கள். கூடவே வரும் தாங்கல் கரைசலைத்தான் கெடுப்பார்கள். ஏ.டி.பி. அந்தக் கரைசலில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் அதை இளக்கி மறுபடி உறைய வைத்தால் ஏ.டி.பி. சிதைந்து, "நொதி செத்துவிட்டது" என்று பழியை நொதியின் மேல் போடுவோம். வந்த அன்றே சிறு குழாய்களில் பத்து பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்துவிட வேண்டும்.

மிஞ்சியது கணினித் தரவு. செலவில்லை, விலங்கில்லை, மழை பார்க்க வேண்டியதில்லை. செனோபஸ் டிராபிகாலிஸின் மரபணுத்தொகுதி 2010-இலும், லேவிஸினுடையது 2016-இலும் வெளிவந்தன. முன்னதற்கு 20 குரோமோசோம்கள், பின்னதற்கு 36. லேவிஸ் இரண்டு மூதாதை இனங்கள் கலந்து உருவானது என்பதால் பல மரபணுக்கள் அதில் இரட்டைப் பிரதியாக நிற்கின்றன. மூன்று லைகேஸ்களில் எவை இரட்டையாக நின்றன, எந்தப் பிரதியின் செய்தி முட்டையில் மிகுதி, நடுக் கருக்கோளத்துக்குப் பின் எது ஏறுகிறது என்று ஒரு மாணவி மேசையில் உட்கார்ந்தபடியே தேடலாம். 2014-இல் லேவிஸ் முட்டையிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட புரதங்களை அளந்து வெளியிட்ட பட்டியலும் திறந்தே கிடக்கிறது. இதன் குறையையும் மறைக்கக் கூடாது: செய்தி ஆர்.என்.ஏ. இருப்பதால் புரதம் இருக்கிறது என்று பொருளாகாது, குறிப்பாக முட்டையில். தாய் சேமித்த செய்தி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, முதிர்ச்சியின்போதோ கருவுற்ற பிறகோதான் மொழிபெயர்க்கப்படும். ஒரு நொதி எடை கூடிய வடிவத்தால் மாற்றப்படுவது ஆர்.என்.ஏ. எண்ணிக்கையில் தெரியவே தெரியாமல் போகலாம்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு இரண்டு காலில் நிற்கிறது. ஆய்வேட்டின் பெரும்பகுதி தரவு ஒப்பீடு. அதிலிருந்து எழும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் செனோபஸ் ஆய்வகத்தில் மூன்று நாள் தங்கிச் சாற்றில் சோதிப்பது. டி4 லைகேஸ் அதற்கான பயிற்சியும், ஜெல்லில் ஒப்பிட ஒரு வரிசையும். சொறித்தவளை முட்டை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். வேண்டுமானால் அக்டோபர் மழையில் அவர் தம் தோட்டத்துக் குழிக்கரையில் உட்கார்ந்து, எடுக்காமல், பிளவு நேரங்களைக் குறித்துவரலாம் என்றேன். அதற்கு அவர் அம்மா ஒப்ப வேண்டும் என்றார்.

அந்த ஒரே கேள்வியைத் தேர்வதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் நீண்டது. வெட்டிய பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் வளைய டி.என்.ஏ.) வட்டத்தைச் சாற்றில் போட்டு அது மறுபடி ஒட்டுகிறதா என்று பார்ப்பது எளிது. அவர் அதையே விரும்பினார். ஆனால் அது அளப்பது பெரும்பாலும் லைகேஸ் நான்கின் வேலையை. அவர் தலைப்போ நகலெடுப்பின் ஒட்டலைப் பற்றியது. ஆர்.என்.ஏ. இழையின் மேல் அமர்த்திய டி.என்.ஏ. துண்டுகளை லைகேஸ் ஒன்றால் ஒட்ட முடியாது, லைகேஸ் மூன்றால் முடியும். எனவே அத்தகைய இழை ஒன்றையும், சாதாரண டி.என்.ஏ. இழையின் மேல் அமர்ந்த துண்டுகளையும் ஒரே சாற்றில் தனித்தனியே போட்டால், யார் வேலை செய்கிறார் என்று ஓரளவு பிரித்தறியலாம். கருவுறாத முட்டையின் சாறு ஒன்று, கருவுற்று மூன்று மணி நேரமான கருவின் சாறு ஒன்று, இரண்டிலும் இந்த இரு இழைகள். பூஜ்யம், பத்து, முப்பது, அறுபது நிமிடங்களில் எடுத்து நிறுத்தும் மாதிரிகள். ஆக பதினாறு குழாய்கள். ஒவ்வொரு சாற்றிலும் ஏ.டி.பி.யை நீக்கிய ஒரு வரிசையும் வேண்டும் என்றார் மாணவி. சேர்க்கலாம் என்றேன், ஆனால் சாற்றில் உள்ள நொதிகளில் பல ஏற்கெனவே ஏ.எம்.பி.யை ஏற்றிக்கொண்டு தயாராக நிற்கும், அவை ஏ.டி.பி. இல்லாமலும் ஆளுக்கு ஒரு முடிச்சுப் போட்டுவிடும், அதைப் பிழை என்று எண்ணிவிடாதே என்றும் சொன்னேன். குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு, குழாய்களின் எண்ணிக்கையை இருபத்து நான்கு என்று திருத்தினார்.